பிரேக் விட்டுச்சா, நான் விட்டேனா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் மைலேஜ் எவ்ளோ, எந்த வண்டி வாங்கலாம்னு வந்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சிட்டேன். ராசிபுரத்துக்காரர் ஒருத்தர் வலது கை எலும்புல பிளேட் வெச்சிருக்கறதால இடது கையாலயே எழுதி அனுப்பின நாலு பக்கம் மேஜைல கிடந்துச்சு, எழுத்தெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பையன் எழுதின மாதிரி கோணலா, அத படிச்சதுக்கப்புறம் மத்தத எடுக்க மனசு வரல. விழுந்து எந்திரிச்சவங்க கேட்டது இன்னும் சிலது இருந்துச்சு, அதையும் சேர்த்துட்டேன்.

கேள்வி: அண்ணே வணக்கம்ங்க. எனக்கு வயசு 39, தறி ஓட்டறேன். வண்டி 150 சிசி, 2017 மாடல், முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம், சக்கரம் பூட்டாம தடுக்கற ஏபிஎஸ் எல்லாம் இல்லீங்க. ஆடிப்பெருக்குக்கு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நானும் சம்சாரமும் போயிட்டு சாயங்காலம் இறங்கி வந்துட்டு இருந்தோம். பாதி வளைவுக்கு மேல இறங்கியாச்சு, ஒரு கொண்டை ஊசில பிரேக் புடிக்கறேன், லிவர் அப்படியே கைப்பிடி வரைக்கும் வந்துருச்சுங்க, வண்டி நிக்கல. நேரா போய் தடுப்புச் சுவத்துல. எனக்கு காறை எலும்பும் மணிக்கட்டும் போச்சு, சம்சாரத்துக்கு முட்டில சிராய்ப்போட போச்சுங்க சாமி புண்ணியம். வண்டிய மறுநாள் மச்சான் போயி எடுத்துட்டு வந்தார், அவரு "பிரேக் கல்லு மாதிரி இருக்கு மாமா, நல்லாத்தான் புடிக்குது"ங்கறார். மெக்கானிக்கும் அதையேதான் சொல்றார். இப்ப சொந்தக்காரங்க எல்லாம் நான் வேகமா வந்து வுட்டுட்டு வண்டி மேல பழி போடறேன்னு பேசறாங்க. ஒருத்தர் நான் மலைலயே சாப்பிட்டுட்டு வந்தேன்னு கூட சொல்லிட்டார், நான் டீ தவிர ஒண்ணும் தொடறதில்லீங்க. சம்சாரம் மட்டும் "இல்ல, நீங்க ரெண்டு மூணு தடவை படபடன்னு அமுக்கினீங்க, அதுக்கு முன்னாடியே ஏதோ கருகுன வாடை வந்துச்சு"ன்னு சொல்லுது. மூணு மாசமா படுத்துக்கிட்டு இதையே யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பிரேக் நெஜமாவே போச்சா, இல்ல நானா கதை கட்டிக்கிட்டேனா? (பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல என்ஜினை ஆஃப் பண்ணிட்டுதான் இறங்கினேன், அது தப்பா இருந்தா திட்டிருங்க.)
– பெயர் வேண்டாம், ராசிபுரம்

பதில்: திட்டத்தான் போறேன், ஆனா கடைசில. அதுக்கு முன்னாடி உங்க சம்சாரத்துக்கு ஒரு கும்பிடு. மச்சான் பார்க்காதது, மெக்கானிக் பார்க்காதது, அவங்க பார்த்திருக்காங்க.

படபடன்னு அமுக்கினீங்கன்னு சொன்னாங்க பாருங்க. நல்லா இருக்கற பிரேக்க எவனும் அவசரத்துல விட்டு விட்டு அமுக்க மாட்டான், பயந்தா ஒரே புடியா இறுக்கிப் புடிப்பான். லிவர் பஞ்சு மாதிரி உள்ள போனாதான் கை தானா பம்ப் அடிக்கும். அதனால நீங்க கதை கட்டல. கை பொய் சொல்லாது.

அப்ப மறுநாள் எப்படி கல்லு மாதிரி ஆச்சு? இங்கதான் நிறைய மெக்கானிக்கே ஏமாறுற இடம். டிஸ்க் பிரேக்ல நீங்க லிவர அமுக்குற விசைய, சக்கரத்து டிஸ்க்க கவ்வுற கேலிப்பருக்கு கொண்டு போறது பிரேக் ஆயில். அது தண்ணிய உறிஞ்சற குணம் உள்ளது, மூடி வெச்சிருந்தாலும் ஹோஸ் வழியா, ரப்பர் வழியா காத்துல இருக்கற ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும். டாட் 4ங்கற தரத்து ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. அதுல நூத்துக்கு மூணே முக்கால் பங்கு தண்ணி சேர்ந்துட்டா கொதிநிலை 155 வாக்குல வந்து நின்னுடும். டாட் 3 இன்னும் மோசம், 205ல இருந்து 140க்கு இறங்கிடும். கொதிச்சா ஆவி. ஆவிய அமுக்கினா அது சுருங்கிக்கும், விசை டிஸ்க்க உரசி நிறுத்தற பேட் வரைக்கும் போய்ச் சேராது, லிவர் கைப்பிடிய தொட்டுடும். கால் மணி நேரம் வண்டி நின்னா ஆவி திரும்ப ஆயிலாயிடும், லிவர் பழையபடி கல்லு. ஒரு தடயமும் இருக்காது. மறுநாள் காலைல உங்க மச்சான் அமுக்கிப் பார்த்தது குளிர்ந்து போன பிரேக்க. அது நல்லா இருந்ததுங்கறது, முந்தின நாள் சாயங்காலம் நல்லா இருந்துச்சுன்னு ஆகாது.

அவ்ளோ சூடு எங்க இருந்து வந்துச்சுன்னா அதுக்கு காரணம் நீங்க அடைப்புக்குறிக்குள்ள போட்ட விஷயம். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி, மேல இருந்து அடிவாரம் சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். வண்டி, நீங்க, சம்சாரம் எல்லாம் சேர்த்து 280 கிலோன்னு வைங்க. அந்த எடைய அவ்ளோ உயரத்துல இருந்து இறக்கற சக்தி எங்கயாவது போயாகணும் இல்லையா, டயர் உருளுறதுலயும் காத்துலயும் பாதி போயிடும்னு வெச்சாலும் மிச்சம் பாதியில நாலஞ்சு லிட்டர் பச்சத் தண்ணிய கொதி வர வைக்கலாம். கியர்ல இறங்கினா அதுல பெரும்பங்க என்ஜின் வாங்கிக்கும். நீங்க என்ஜினை அணைச்சிட்டீங்க, நாலு விரல் அகல டிஸ்க் பேடு ரெண்டும் பின் டிரம்முக்குள்ள உரசற லைனரும்தான் மொத்தத்தையும் தாங்கி இருக்கு. சம்சாரம் சொன்ன கருகுன வாடை அதோடது. அது வந்தப்பவே ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிச்சிருந்தா இந்தக் கடிதமே வந்திருக்காது.

இன்னொண்ணு, பெட்ரோல் மிச்சம்ங்கறது இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டிகள்ல சுத்தப் பொய். கியர்ல போட்டு ஆக்சிலேட்டர விட்டு இறங்கினா இன்ஜெக்டர் பெட்ரோல நிறுத்திடும். நியூட்ரல்ல ஐடில்ல விட்டாதான் குடிக்கும். உங்களோடது கார்புரேட்டர் வண்டி, கொஞ்சம் மிச்சமாயிருக்கும், ஒத்துக்கறேன். என்ன ஒரு இருபது முப்பது ரூபா?

சரி, நான் சொல்றத அப்படியே நம்ப வேண்டாம், வண்டியவே கேளுங்க. மெக்கானிக் கிட்ட ஒண்ணும் கழட்ட வேணாம்னு முதல்ல சொல்லிடுங்க. ஹேண்டில் மேல இருக்கற பிரேக் ஆயில் டப்பாவ பாருங்க, புது ஆயில் லேசா தேன் நிறத்துல இருக்கும், உங்களுது ஃபில்டர் காபி டிக்காஷன் மாதிரி இருந்தா அது வண்டி வாங்கினதுல இருந்து மாத்தவே இல்ல. கேலிப்பர் பக்கம் ஆயில வெளிய விடற பிளீடர் நட்டுல இருந்து கொஞ்சம் ஆயில ஒரு சின்ன கண்ணாடி பாட்டில்ல புடிச்சு இறுக்கி மூடி வைங்க, அதுல எவ்ளோ தண்ணி இருக்குன்னு பார்க்க பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கு, பெரிய ஒர்க்‌ஷாப்ல இருக்கும். டிஸ்க்ல நீலம், ஊதா கலந்து திட்டு திட்டா இருக்கான்னு பாருங்க, தோசைக்கல்லு புதுசுல காய்ஞ்சா ஒரு நிறம் வரும் பாருங்க அது. பேடு முகம் கண்ணாடி மாதிரி மின்னும். பின் வீல கழட்டி லைனரையும் பாருங்க.

வேற காரணமும் இருக்கலாம், அத ஒதுக்கினாதான் நியாயம். லிவர அழுத்திப் புடிச்சு ஒரு நிமிஷம் அப்படியே வைங்க, மெல்ல மெல்ல கீழ இறங்கினா லிவர் பக்கத்துல ஆயில அமுக்குற மாஸ்டர் சிலிண்டரோட ரப்பர் போயிருக்கு. முன் வீல தூக்கி நிறுத்தி சுத்தி விட்டு பிரேக்க புடிச்சு விடுங்க, விட்டதும் வீல் சுத்த மறுத்தா கேலிப்பர் பிஸ்டன் உள்ள போகாம ஒட்டிக்கிட்டிருக்கு, அப்ப நீங்க பிரேக்கே புடிக்காட்டியும் பேடு உரசி உரசி சூடேறியிருக்கும். ஹோஸ் மூட்டுல ஈரம் இருந்தா கசிவு.

இப்ப திட்டு. பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு வண்டியோட குடுத்த புஸ்தகத்துலயே இருக்கும். சர்வீஸுக்கு விட்ட பில்லெல்லாம் எடுத்துப் பாருங்க, என்ஜின் ஆயில் இருக்கும், செயின் ஸ்ப்ரே இருக்கும், நீங்க கேட்காத பாலிஷ் கூட இருக்கும், பிரேக் ஆயில் இருக்காதுன்னு நான் பந்தயமே கட்டறேன். அவங்களும் கேட்கல, நீங்களும் கேட்கல. என்னைக் கேட்டா இது தயாரிப்புக் கோளாறு இல்ல, வேகமும் இல்ல. பாதி பழைய ஆயில், பாதி அணைச்ச என்ஜின். பேசற சொந்தக்காரங்க கிட்ட இத அப்படியே காட்டுங்க. சாப்பிட்டுட்டு வந்தேன்னு சொன்னவருக்கு மட்டும் காட்ட வேண்டாம், அவரு மாற மாட்டாரு.

கேள்வி: ஐயா, என் மவனுக்கு 21 வயசு. எட்டயபுரம் ரோட்டுல வண்டில வரும்போது பின் சக்கரம் டக்குன்னு பூட்டிக்கிட்டு சறுக்கி விழுந்துட்டான், தொடை எலும்புல கம்பி வெச்சிருக்கு. செயின் அறுந்து கிடந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு வண்டில கோளாறு ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாராம். ஒர்க்‌ஷாப்புல விழுந்த அடில செயின் அறுந்திருக்கும்ங்காவ. புள்ள "செயின்தான் முதல்ல போச்சு"ன்னு அழுவுறான். யார் சொல்றத நான் நம்பட்டும்?
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அம்மா, புள்ள சொல்றதுக்கு வாய்ப்பு நிறைய இருக்கு. வண்டிய இன்னும் பிரிக்கலைன்னா இன்னைக்கே போய் செல்ஃபோன்ல படம் எடுத்து வைங்க, வெளிச்சத்துல, கிட்டக்க.

நம்ம ஊர்ல பிரேக் இன்ஸ்பெக்டர்னு சொல்றது மோட்டார் வாகன ஆய்வாளர. விபத்தான வண்டிய பார்க்க அவருக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 136வது பிரிவுல அதிகாரம் இருக்கு. ஆனா அவரு பார்க்கறது ஸ்டேஷன் வாசல்ல நாலஞ்சு வண்டியோட சாஞ்சு கிடக்கற ஒரு வண்டிய. பிரேக் புடிக்குதா, ஹேண்டில் திரும்புதா, அவ்ளோதான் அந்த நேரத்துல பார்க்க முடியும். "இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை"ங்கற வரி எத்தனையோ ரிப்போர்ட்ல நான் பார்த்தது. அவரு மேல தப்பு சொல்லல, செயின் ஒவ்வொரு லிங்க்கையும் லென்ஸ் வெச்சுப் பார்க்கறது அவரு வேலை இல்ல.

அறுந்த செயின குப்பைல போட விடாதீங்க. அறுந்த இடத்தோட முகத்த பாருங்க. முழுக்க வெள்ளியா, சாம்பலா, கரகரன்னு இருந்தா ஒரே அடில அறுந்தது. ஒரு பாதி கருத்து, துருவேறி, வழவழன்னு இருந்து மிச்சப் பாதி மட்டும் புதுசா மின்னினா, அது பல நாளா விரிசல் விட்டு வந்திருக்கு, கடைசி நூல்தான் அன்னிக்கு போச்சு. விழுற அடில துரு புடிக்க நேரம் ஏது? லாக் கிளிப் இருக்கற செயினா இருந்தா கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடற திசைய பார்த்து இருக்கணும், சில பையனுங்க திருப்பி மாட்டிடுவானுங்க, அது ஒரு நாள் கழண்டுக்கும். செயின் ஓடற பல்சக்கரம் இருக்கே, அந்த பின் ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு கூரா இருந்தா செயின் தேஞ்சு நீண்டு போய் பல்லு மேல ஏறிக் குதிச்சிருக்கு. அப்படி குதிச்ச செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் சக்கரத்த தாங்குற ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல மாட்டினா வீல் பூட்டிக்கும், அங்க அலுமினியத்த சுரண்டின புதுக் காயம் தெரியும். முன் ஸ்ப்ராக்கெட் கவர கழட்டினா உள்ள என்ஜின் கேஸ்லயும் அடி இருக்கலாம்.

பின் டயர்ல ஒரே இடத்துல தேஞ்சு தட்டையா இருந்தா வீல் சுத்தாம இழுத்துட்டு போயிருக்குன்னு அர்த்தம். ஆனா பயத்துல பின் பிரேக்க மிதிச்சாலும் அதே தட்டை வரும், அதனால அத மட்டும் வெச்சு புள்ள பக்கம் தீர்ப்பு சொல்லிட முடியாது. செயின் காயமும் தட்டையும் சேர்ந்து இருந்தா சொல்லலாம். முக்கியமா, செயின் டென்ஷன் கடைசியா யார் எப்ப வெச்சதுன்னு அவன கேளுங்க. நடுவுல விரல வெச்சு தூக்கினா ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆடலாம், அதுக்கு மேல தொங்கினா வம்பு. அவன் பதில் சொல்லாம மேல பார்த்தான்னா அடிச்சுடாதீங்க, கால்ல கம்பி இருக்கு.

கேள்வி: போன வருஷம் கட்டின இன்சூரன்ஸ்ல பர்சனல் ஆக்சிடென்ட்னு தனியா ரூபா வாங்கினாங்க, 15 லட்சம்னு போட்டிருக்கு. கை உடைஞ்சு ரெண்டு மாசம் வேலைக்குப் போகல. அதுல ஏதாவது வருமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: வராதுங்க. வண்டி ஓனர் ஓட்டும்போது அடிபட்டா 15 லட்சம்ங்கறது 2018ல இருந்து வந்தது, அது உயிர் போனா, இல்ல நிரந்தரமா ஊனம் ஆனாதான். கை கூடி நல்லாயிட்டா கிடையாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காசு வாங்க மாட்டாங்க, அது அரசாங்க ஆஸ்பத்திரி மட்டும் இல்ல, திட்டத்துல சேர்ந்த தனியார்லயும் உண்டு. உங்களுக்கு அது முடிஞ்ச கதை, அடுத்தவங்களுக்கு சொல்லி வைங்க.

கேள்வி: சார், ஸ்கூட்டில விழுந்து முழங்கை உடைஞ்சு பத்து வாரம் ஆகுது. டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டார், பிசியோவும் முடிச்சுட்டேன். ஆனா வளைவு வந்தாலே கை இறுகிடுது, பின்னாடி ஒரு லாரி ஹார்ன் அடிச்சா மூச்சே நின்னுடுது. ஏன் விழுந்தேன்னே ஞாபகம் இல்ல, எந்திரிச்சதுதான் ஞாபகம் இருக்கு. எனக்கு பைத்தியம் புடிச்சிருச்சா?
– வாசகி, கோவை

பதில்: இல்லம்மா. தலைல அடிபட்டா விழுறதுக்கு முன்னாடி பின்னாடி சில நிமிஷம் அழிஞ்சு போறது சகஜம், சிலருக்கு அது திரும்ப வரவே வராது. டாக்டர் கிட்ட மட்டும் இத சொல்லிடுங்க, கை காட்டப் போனவங்க தலைய பத்தி சொல்ல மறந்துடுவாங்க.

என் கதைய சொல்றேன். பதினஞ்சு வருஷம் முன்னாடி விருத்தாசலம் பக்கத்துல ஒரு வளைவுல முன் வீல் வழுக்கி விழுந்தேன், கணுக்கால்ல ரெண்டு ஸ்க்ரூ. அந்த டயர் புதுசா போட்டது, டயர்தான் மட்டம்னு ஆறு மாசம் கடைக்காரன திட்டினேன், வர்றவன் போறவன் கிட்டயெல்லாம் சொன்னேன், மெக்கானிக்குன்னா சும்மாவா. பிறகு ஒரு நாள் அதே வழில பஸ்ல போறேன், அதே வளைவுல சனங்க உளுந்துச் செடிய ரோட்டுல பரப்பி வெச்சிருக்காங்க, வண்டி ஏறி ஏறி மிதிச்சு உளுந்து உதிரட்டும்னு. எனக்கு திடீர்னு எல்லாம் ஞாபகம் வந்துச்சு, காலுக்கடில கறுப்பா குண்டு குண்டா உருண்டது. ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டு சிரிச்சேன், பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தாங்க. டயர் கடைக்காரன் கிட்ட மன்னிப்பு கேட்கணும்னு நினைச்சேன், இன்னும் கேட்கல. ஆனா அன்னைல இருந்து எனக்கு வளைவுன்னா பயம் இல்ல, உளுந்துன்னாதான் பயம். காரணம் தெரியாத வரைக்கும் எல்லா வளைவும் ஒரே மாதிரி மிரட்டும். அதனால முடிஞ்சா விழுந்த இடத்துக்கு யாரோடயாவது பகல்ல போய் நின்னு பாருங்க, மணல் இருக்கா, பழைய தார் வழவழன்னு இருக்கா, குழி இருக்கான்னு.

ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு காலி மைதானத்துல இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்து முழு பிரேக் புடிச்சு நிறுத்திப் பாருங்க, பத்து தடவை. கைல அந்த பலம் வரலைன்னா எலும்பு கூடியிருந்தாலும் நீங்க ரோட்டுக்கு தயாரில்ல, ரப்பர் பந்த இன்னும் கொஞ்ச நாள் பிசைங்க. விழுந்தப்போ போட்டிருந்த ஹெல்மெட் இன்னும் வீட்டுல இருந்தா தூக்கிப் போட்டுடுங்க, வெளிய ஒரு கீறல் மாதிரிதான் தெரியும், உள்ள இருக்கற தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும். குடுத்துடலாம்னு வேலைக்காரம்மாவுக்கு மட்டும் குடுக்காதீங்க, அவங்க தலையும் தலைதான்.

கேள்வி: விழுந்த பைக்க ரெடி பண்ணி வாங்கிட்டேன். ஹேண்டில்ல இருந்து கைய விட்டா இடது பக்கம் இழுக்குது. மெக்கானிக் அது அப்படித்தான்ங்கறார்.
– வாசகர், மதுரை

பதில்: மொதல்ல கைய விடாதீங்க. அப்புறம், அது அப்படித்தான் கிடையாது. முன் சக்கரத்த தாங்குற ஃபோர்க் பெண்டா, இல்ல வண்டியோட சட்டமான சேஸே பெண்டான்னு வீட்டுலயே ஓரளவு பார்க்கலாம். வண்டிய நேரா நிறுத்தி, கொத்தனாரோட நூல எடுத்து பின் டயர் பின்பக்கத்துல சுத்தி ரெண்டு பக்கமும் முன் வீல் வரைக்கும் இழுங்க, பின் டயரோட முன் விளிம்பையும் லேசா தொடணும். ரெண்டு நூலுக்கும் நடுவுல முன் வீல் சரி சமமா உட்காரணும். ஒரு பக்கம் ஒட்டினாப்ல இருந்தா முதல்ல பின் ஆக்ஸில் மார்க் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, சில நேரம் அவ்ளோதான் விஷயம். அதுவும் சரியா இருந்தா ஃபோர்க் பைப்ப கழட்டி கண்ணாடி மேஜைல உருட்டிப் பாருங்க, குதிச்சு குதிச்சு உருண்டா வளைஞ்சது. லேத்துல பிரஸ் பண்ணி நிமித்தித் தர்றேன்னு சொல்வாங்க. என் ஒர்க்‌ஷாப்புல நான் அத செய்யறதில்ல. புதுசு போடுங்க.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடிச்சா எலும்பு சீக்கிரம் கூடுமா? பாட்டி நாட்டு வைத்தியத்துல எலும்பு கட்டற புத்தூர் கட்டுக்கு கூட்டிட்டு போகலாம்ங்கறாங்க, அப்பா வேணாம்ங்கறார், வீட்டுல தினம் சண்டை.
– வாசகர், ஆரணி

பதில்: எக்ஸ்ரேல எலும்பு நகர்ந்திருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா அப்பா பக்கம் நில்லுங்க. சூப்பு விஷயத்துல பாட்டி பக்கம். எங்க அம்மா எனக்கு நாப்பது நாள் குடுத்தாங்க, அதுல இருக்கற கால்சியம் ரொம்ப கம்மின்னு டாக்டர் சிரிச்சார், சிகரெட்ட விட்டாதான் எலும்பு சீக்கிரம் கூடும்னு அவரு சொன்னத வீட்டுல யார் கிட்டயும் நான் சொல்லல. சூப்ப ருசிக்காக குடிங்க. மிளகு தூக்கலா போடச் சொல்லுங்க.